மூன்றரை

குவெக்கின் கடைசிச் சம்பளத்தை
நான்தான் கணக்குப் போட்டேன்.
உபியில், ஆறாவது மாடி,
ஏர்கான் நேராகப் பிடரியில் விழும் மேசை.

வேலை செய்தது பத்தொன்பது நாள்.
கூடுதல் நேரம் ஏழு மணி.
பிடித்தம்: தொலைந்த வாசல் அட்டைக்குப் பன்னிரண்டு வெள்ளி.
அதை மட்டும் அழித்துவிட்டேன்,
தணிக்கைக்காரர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.
எடுக்காத விடுப்பு: நாற்பத்து மூன்றரை.

சேர்த்துவைக்க விடுகிற நிறுவனம் எங்களுடையது.
நேர்முகத் தேர்வில் அதைப் பெருமையாகச் சொல்வோம்.
நாற்பத்து மூன்றை வெள்ளியாக்கிவிடலாம்,
பெருக்கல்தானே.
அந்த அரைதான் உறுத்தியது.
பல்லிடுக்கில் நண்டு ஓடு மாதிரி.

பழைய பதிவுகளைத் திறந்தேன்.
வருஷ வருஷமாக முழு நாள்கள்:
பல், மாமனார் சாவு, வீட்டுக்குச் சாயம்.
ஒரே ஒரு அரை நாள்.
ஒரு மார்ச் வெள்ளிக்கிழமை, பிற்பகல்.
காரணம் என்ற கட்டத்தில்
'மகள்' என்று மட்டும்.

அவள் கையெழுத்துப் போட வந்தாள்.
ஹுய் ஷான். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்,
அப்பாவுடைய அதே அகலக் கட்டை விரல்.
கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.
"அதுவா, பள்ளிக்கூடக் கச்சேரி," என்றாள்.
"நான் தப்பாக வாசித்தேன்.
அப்பா எதுவும் சொல்லாமல் ஐஸ் கச்சாங் வாங்கித் தந்தார்.
சிவப்புப் பாகு அவர் சட்டையில் கொட்டி
அம்மா திட்டினாள்."
பதினோரு வருஷம்.
பாகின் நிறத்தைச் சொல்கிறாள்.

நாற்பத்து மூன்று நாளுக்கு
ஒரு காசோலை போயிற்று அந்த வீட்டுக்கு.
அந்த அரைக்கு மட்டும்
எங்களால் எதுவும் தர முடியவில்லை,
அதை அவரே செலவழித்துவிட்டிருந்தார்.

மதியம் என் கணக்கைப் பார்த்தேன்.
இருபத்தேழு.
எதற்காகச் சேர்த்தேன் என்று
எனக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.
மகன் தேசிய சேவை முடியட்டும் என்றா,
கடன் அடையட்டும் என்றா,
முட்டி வலி கொஞ்சம் குறையட்டும் என்றா.
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது ஒவ்வொன்றும்.
குவெக்கும் இப்படி ஏதாவது வைத்திருந்திருப்பார்.

அரை நாள் விண்ணப்பித்தேன்.
காரணக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன்,
காலியாக விட்டால் கணினி ஏற்காது.

வெளியே வந்தால்
புதன்கிழமை இரண்டு மணி
இவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று தெரியாது.
புளோக்கின் கீழ் ஒருவர் மைனாக்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.
என்ன செய்வதென்று தெரியாமல்
ஒரு கோப்பி குடித்தேன்.
இன்னொன்றும்.

ஜெயகௌரியின் எண்
என் போனில் இன்னமும் 'ஜெ புதுசு' என்றே இருக்கிறது.
சீட்டுப் பணம் முந்நூறு வெள்ளி.
யார் யாருக்குத் தர வேண்டும் என்பதுகூட
இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை,
கோபத்தின் தேதி மட்டும் நினைவிருக்கிறது.
அவள் புக்கிட் பாஞ்சாங்கில்.
உபிக்கு ரயில் வந்தபோது
நீலக் கோட்டில் விரல் வைத்துப் பார்த்தேன்:
ஏறினால் இறங்குகிற இடம் அவள் வீடு,
எங்கேயும் மாற வேண்டாம்.
பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டேன்.

அடித்தேன்.
நான்கு மணி ஒலித்தது. எடுத்தாள்.
வணக்கம் இல்லை, பெயர் இல்லை.
"யாரு செத்துட்டா?" என்றாள்.

வேலை நாள், பகல், நான்.
வேறென்ன நினைப்பாள்?

"யாரும் இல்லை," என்றேன். பிறகு,
"குவெக். உனக்குத் தெரியாது.
எங்கள் கிடங்கில்."

அந்தப் பக்கம்
குக்கர் ஒருமுறை கூவியது.
அவள் அதை அணைக்கப் போகவில்லை.
"சாப்ட்டியா?" என்றாள், கோபமாகவே.

இல்லை என்று பொய் சொன்னேன்.
நடந்துகொண்டே சொன்னேன்,
நிலையத்தின் நகரும் படியில்
ஒரு கால் ஏற்கெனவே இருந்தது.