கரையோரச் செல்கள்

வால்டிவியாவில் பதினேழாவது நாளாக மழை.
நோல்பெர்தோ காத்ரிலெஃப், ஐம்பத்தெட்டு,
ஆற்றங்கரைச் சந்தையில் மீன் அரிபவர்.
வந்தது பித்தப்பைக் கல்லுக்கு.
ஸ்கேன் எடுத்த பெண் கருவியைச்
சற்றே இடப்பக்கம் நகர்த்தினாள், அவ்வளவுதான்.

மண்ணீரல் நிறையப் புள்ளிகள்.
பதினொன்று என்றது ஓர் அறிக்கை,
எண்ணி மாளாது என்றது இன்னொன்று.
நிணநீர்ப் புற்றா,
எங்கிருந்தோ பரவி வந்து குடியேறியதா,
ரத்தக்குழாய்களின் வெறும் சிக்கலா?
அந்தச் சாம்பல் படத்தில்
மூன்றுக்கும் ஒரே முகம்.

ஊசியால் ஒரு துணுக்கு எடுக்கலாமே
என்று கேட்டாராம் மனைவி.
ரத்தம் குடித்த பஞ்சு அது, சென்யோரா,
குத்தினால் நிற்காமல் போகலாம்
என்றாராம் சர்ஜன்.
நோல்பெர்தோ மட்டும் தலையாட்டியிருக்கிறார்:
மீனும் அப்படித்தான்,
வயிற்றைத் திறக்காமல் எதுவும் சொல்வதற்கில்லை.

வியாழக்கிழமை என் மேஜைக்கு வந்தது.
முந்நூற்று நாற்பது கிராம்.
ரொட்டி போலத் துண்டு துண்டாக அரிந்தேன்.
கருஞ்சிவப்பு, அதற்குள் இன்னும் கருத்த
கடற்பஞ்சுக் குழிகள்.
கையுறை வழியே ஒழுகியது.

ஆறு வருடம் முன் இப்படி ஒன்றைப்
பரவாயில்லை என்று எழுதப் போனேன்.
பேனாவைப் பிடுங்கியது ஹீமேனா.
பரவாயில்லை இல்லை அது.
அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது.

ஆகவே ஐம்பது புலங்கள் பார்த்தேன்.
பிளவுறும் செல் ஒன்றைத் தேடினேன்,
கோணிய உட்கரு ஒன்றைத் தேடினேன்.
குட்டைகள், வாய்க்கால்கள்,
அவற்றின் ஓரம் நெடுக நிமிர்ந்த செல்கள்,
சில கரையை விட்டு நழுவி
நடுவில் மிதந்துகொண்டிருந்தன.
தேநீர் ஆறி ஆடை கட்டியது.

பிறகு சாயங்கள்.
சிடி முப்பத்தொன்று: பழுப்பு. ரத்தக்குழாய் வம்சம்.
சிடி அறுபத்தெட்டு: அதுவும் பழுப்பு. குப்பை விழுங்கும் வம்சம்.
முப்பத்துநான்கு இல்லை. எட்டு இல்லை.
இருபத்தொன்றுக்குத்
தலைநகரத்துப் பேருந்தை மூன்று நாள் எதிர்பார்த்தோம்.
வந்தது. பழுப்பு.
இரண்டு வீட்டுச் சாயலும் கொண்ட பிள்ளை.

கரையோரச் செல் ரத்தக்குழாய்க் கட்டி என்று அடித்தேன்.
தீங்கற்றது என்று அடிக்கும்போது விரல் நின்றது.
அதைத் தெரிந்துகொள்ளத்தானே
அவரிடமிருந்து முழுசாக எடுத்துவிட்டோம்.
இனி அவருக்குத் தடுப்பூசிகள்,
சின்னக் காய்ச்சலுக்கும் ஓடிவர வேண்டும்.
குடலையும் ஒருமுறை பார்த்துவிடவும்
என்று கடைசி வரி சேர்த்தேன்;
இது சிலசமயம் துணையோடு வருமாம்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை.
கடையின் பலகையில் காத்ரிலெஃப் என்ற பெயர்.
வலது கையில் கத்தி,
இடது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு
ஒரு மனிதர் மீனைக் கீறினார்,
குடலையும் மற்றதையும் பின்னால் வீசினார்.
படித்துறையில் காத்திருந்த கடற்சிங்கம்
எதையும் சோதிக்காமல் விழுங்கியது.

என்ன வேண்டும் என்றார்.
அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.
சியர்ரா அரைக் கிலோ,
தலை வேண்டாம், என்றேன்.