மூ.மா. 004

எங்கள் பட்டியலில் 001 உண்டு,
002 உண்டு, 003 உண்டு,
அடுத்தது 005.
அச்சுப்பிழையா என்று கேட்டு
இதுவரை ஏழு பேர் எழுதிவிட்டார்கள்.
ஏழு பேருக்கும் ஹினெக் ஒரே பதில்தான் போட்டான்:
பிழை அல்ல, தாமதம்.

மூ.மா. என்றால் மூன்றாம் மாடி.
ஓஸ்த்ராவாவில், டிராம் திரும்பும் முனையில்,
மின்தூக்கி ஓடாத கட்டடத்தில்
என் சமையலறை இருக்கும் மாடி.
பெயருக்குள் வேறு ஏதாவது இருக்குமே என்று
வானொலியில் ஒருவர் துருவித் துருவிக் கேட்டார்.
படிக்கட்டு இருக்கிறது என்றேன்.

முதல் தட்டு முந்நூறு பிரதி.
பன்னிரண்டு பெட்டி, ஐம்பத்து நான்கு படி.
லாரிக்காரர் வாசலிலேயே இறக்கிவிட்டுக்
கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.
இசைக்கு எடை உண்டென்று
காது சொன்னதில்லை; முழங்கால் சொன்னது.

அதற்கு முன் வந்த சோதனைத் தட்டில்
மூன்றாவது நிமிடத்தில் ஒரு 'டக்'.
ஊசியா, தூசியா, ஆலையின் கோளாறா என்று
நாற்பது தடவை கேட்டோம்.
ஹினெக் பகலில் எக்ஸ்ரே இயந்திரம் பழுதுபார்ப்பவன்;
எலும்பில் மயிரிழை விரிசல் தேடுவதுபோல் கேட்டான்.
கடைசியில் பார்த்தால், டிரம்ஸ்காரரின் நாற்காலி.
இருக்கட்டும் என்று விட்டோம்.
இன்று அந்த 'டக்' வராவிட்டால்
பாட்டு தடுக்கி விழுகிறது.

ஒப்பந்தம் ஒரே பக்கம்:
செலவு போக மிச்சம் பாதிப் பாதி.
மிச்சம் என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.
முதல் வருட மிச்சம் இருநூற்றுப் பன்னிரண்டு கொருனா.
பாதியை நால்வருக்குப் பிரித்தால்
ஆளுக்கு இருபத்தாறரை. தபால்தலை இருபத்தேழு.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
ஆனாலும் கணக்கெழுதி அனுப்பினேன்.
பாஸ் கிதார் வாசிக்கும் டோப்ரோமிலா
அந்தக் காகிதத்தை வருமானச் சான்றாக
வங்கிக்கு எடுத்துப்போனாள்.
அங்கே யாரும் சிரிக்கவில்லையாம்.
அதுதான் அவளுக்கு வருத்தம்.

004 ஸ்வாத்தவாவுடையது.
தண்ணீர் வடித்த நீச்சல்குளத்தின் அடியில் நின்று
அக்கார்டியனோடு நான்கு பாட்டுப் பாடினாள்.
பிப்ரவரி. அவள் மூச்சுப் புகை
மைக்கைத் தொட்டுத் தொட்டுக் கலைந்தது.
ஐந்தாவது வந்துகொண்டிருக்கிறது என்றாள்.
நம்பி உறை அடித்தோம், முந்நூறு,
முதுகில் அவள் பெயரும் எண்ணும்.
அவள் நார்வேயில் படகுத்துறை வேலைக்குப் போனாள்.
அங்கிருந்து ஒரே ஓர் அஞ்சலட்டை:
ஐந்தாவது வரவில்லை.
அது இல்லாமல் மற்ற நாலும் வெளியே போக வேண்டாம்.

கையெழுத்துப்படி உரிமை எங்களிடம்.
பிராக்கிலிருந்து பெரிய கம்பெனி ஒன்று விலை பேசியது.
அந்தத் தொகைக்கு ஆலைக் கடன் தீரும்,
மிஞ்சியதில் மின்தூக்கியே வாங்கலாம் என்றான் ஹினெக்.
அன்றிரவு நாடாவை ஓடவிட்டோம்.
நான்காம் பாட்டு முடிந்தும் அது ஓடுகிறது.
ஓடுகளில் எதிரொலி வற்றும் சத்தம்,
தோள்வார் கழலும் சத்தம்,
பிறகு அவள் குரல்: "போதும், நிறுத்துங்க."
ஹினெக் நிறுத்தினான்.
நான் பிராக்குக்கு எழுத உட்கார்ந்தேன்.
மூன்று வரி போதுமாயிருந்தது.

அரையாண்டுக்கு ஒருமுறை அவளுக்கும் கணக்குப் போகிறது.
விற்றது: 0. தர வேண்டியது: 0.
ஆற்றில் போட்டாலும் அளந்துதானே போட வேண்டும்.

உறைகளை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.
நல்ல தடித்த அட்டை.
தபாலில் தட்டு வளையாமலிருக்க
பொட்டலத்துக்கு ஒன்றாக முட்டுக்கொடுத்து வைக்கிறோம்.
தம்பெரேயிலிருந்து ஒருவர் எழுதினார்:
காலி உறை கிடைத்தது.
003க்கும் 005க்கும் நடுவில் வைத்திருக்கிறேன்.
நேராக நிற்கிறது.

நாளைக் காலை 011 வருகிறது, பன்னிரண்டு பெட்டி.
மேசைக்கடியில் குனிந்து எண்ணிப் பார்த்தேன்:
இன்னும் பத்தொன்பது உறை.
அதற்குப் பிறகு அட்டை வாங்க வேண்டும்.