முந்நூறு கிராம்

விடியற்காலை ஐந்தரை.
சத்துவாச்சாரி ஜிம்மின் எடைமெஷின்
நாற்பத்தொன்பது புள்ளி மூன்று என்கிறது.
ஏழுக்கு எடை, ஒன்பதுக்கு மாவட்டத் தேர்வு.
முந்நூறு கிராமை எங்காவது விட்டுவிட்டு வர வேண்டும்.

உரச்சாக்கு மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டை,
அதன்மேல் அண்ணனின் ஸ்வெட்டர்.
காட்பாடிப் பாலத்தில் ஓடுகிறேன்.
சித்திரை வெயில் இன்னும் எழுந்திருக்கவில்லை,
ஆனாலும் தார்
நேற்றைய சூட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறது.
கீழே பாலாறு
எனக்கு முன்னாடியே எடை குறைத்துப் படுத்திருக்கிறது.
வாயில் ஊறுவதையெல்லாம் துப்புகிறேன்.
துப்பலுக்கும் கிராம் உண்டு.

பஸ்ஸில் மேல்கம்பி எனக்கு எட்டாது.
பள்ளியில் கரும்பலகையின் மேல்வரியை
இன்னொருத்தி அழித்துத் தருவாள்.
இங்கே வந்த முதல் நாள்தான் தெரிந்தது:
குட்டைக் கை, குட்டைத் தொடை,
இரும்பு ஏற வேண்டிய தூரத்தில்
ஒரு சாண் எனக்குத் தள்ளுபடி.
நான் சம்பாதித்ததில்லை அது.
நைனாவின் கை.

நஸ்ரீன் பேரணாம்பட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவாள்.
நான் கிளம்பிய பிறகும் ஒரு மணி நேரம் தூக்குவாள்.
உள்ளங்கை பிளந்தால் டேப் சுற்றிக்கொள்வாள்.
எப்போதும் என்னைவிட ஏழு கிலோ கீழே.
அவள் பார்த்துக்கொண்டிருக்கப் பதக்கம் வாங்குவது
ஒரு மாதிரி இருக்கும்.
பிறகு அவளை ஈட்டிக்கு மாற்றினார்கள்.
மூன்றே மாதம். மாவட்டத்தில் இரண்டாமிடம்.
யாராவது ஒரு ஈட்டியைக் கொடுப்பார்களா என்று
அந்த நீளக் கைகள்
பதினேழு வருஷம் சும்மா தொங்கியிருக்கின்றன.

நைனாவுக்கு யாரும் எதையும் மாற்றிக் கொடுக்கவில்லை.
நேதாஜி மார்க்கெட், உருளைக்கிழங்கு மண்டி,
ஐம்பது கிலோ மூட்டை, நாளுக்கு நூறு நடை.
இறக்கிவைத்தால் வெள்ளை விளக்கு எரியாது;
டீ வரும்.
மூன்று ஸ்பூன் சர்க்கரையோடு, எட்டுத் தடவை.
மூட்டை தூக்குறவனுக்குச் சர்க்கரை வியாதி வராது என்று
மண்டியில் எல்லோரும் சொன்னார்கள்.
மண்டியில் எல்லோருக்கும் சர்க்கரை.

பெரிய ஆஸ்பத்திரியில் அவர் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றுகையில்
டாக்டரம்மா ஒரு தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார்.
ஆண் கட்டம், பெண் வட்டம்.
தாத்தா, கறுப்பு.
பெரியப்பா, கறுப்பு.
வாலாஜா அத்தை, கறுப்பு.
ஏகாம்பரம் என்று பெயரைக் கேட்டு எழுதி
நைனாவையும் அடைத்தார்.
கடைசி வட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
"நீ இன்னாம்மா பண்றே?"
"வெயிட் தூக்குறேன்."
"விட்டுடாதே" என்று பேனாவை மூடினார்.
வெற்று வட்டமாக வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து கேழ்வரகுக் களி, வேர்க்கடலை, முட்டை.
அம்மா ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
ஒரு மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால்
எட்டு முட்டை.
முந்தாநாள் ஆம்பூரில் சித்தப்பா மகள் கல்யாணம்.
ஊரே பிரியாணியில் கைவைத்திருக்க
நான் இலையோரம் கத்தரிக்காய்த் தொக்கை நக்கிக்கொண்டு
கிலோவும் கிராமும் கணக்குப் போட்டேன்.
தோளில் இப்போது புடைத்திருக்கும் இந்தச் சதையில்
நைனா எவ்வளவு, அம்மாவின் ஓவர்டைம் எவ்வளவு,
நான் எவ்வளவு,
எந்த லேப் பிரித்துச் சொல்லும்?

திரும்பி வந்து மெஷினில் ஏறினேன்.
இன்னும் நாற்பது கிராம்.
கொலுசு, தோடு, அரைஞாண்.
என்மேல் கழற்ற முடிந்தது அவ்வளவுதான்.
நாற்பத்தொன்பது.

ஒன்பது மணி.
கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு
கடைசி வரிசையில் நைனா.
வெள்ளை விளக்கு எதற்கு என்று
பக்கத்தில் யாரையோ விசாரிக்கிறார்.
மாவு பூசிய கையைத் தட்டிக்கொண்டு போகிறேன்.
கம்பியின் இரண்டு முனையிலும்
முழுக்க அடைத்த கறுப்பு வட்டங்கள்.
குனிந்து பிடிக்கிறேன்.