முப்பத்தொன்றாம் நாள்

குடல் ஓட்டையாகி வந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
அறுத்துத் தைத்த முப்பதாம் நாள்
அவர்களைப் போனில் கூப்பிடுவது என் வேலை.
சயானில், மாநகராட்சி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு மேலே
நீராவியில் கதவு வீங்கிய அறை.
தமிழும் மராத்தியும் இந்தியும் தெரிந்த வாய் என்பதால்
மாதம் பதினெட்டாயிரம்.

"எப்படி இருக்கிறார்?"
கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிற்பேன்.
பதிலுக்கு முன் மூச்சு வரும்.
எந்தக் கட்டத்தில் டிக் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் சனத்துக்குச் செத்தபின் பதினாறு நாள் கணக்கு.
இங்கே பிழைத்தபின் முப்பது.
முப்பதுக்குள் போனால் கத்தியின் பேரில் எழுதுவோம்.
அப்புறம் போனால்
சர்க்கரை, ஜூலை மழை, கந்துவட்டி,
யார் பேரில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

ஆறாம் கேள்வி: ஒரு மாடி ஏறினால் சிரமமா?
தொண்ணூறடி ரோட்டில் இட்லி விற்கும் முப்பிடாதி
திருப்பிக் கேட்டாள்:
"எந்த மாடி? படி வச்சதா, ஏணி வச்சதா?"
அவள் வீட்டுக்குச் செங்குத்தாய் ஓர் இரும்பேணி,
தொற்றிக்கொள்ள நைலான் கயிறு.
"கயித்தைப் பிடிச்சா தையல் சுண்டுது.
கீழயே, மாவு டிரம்முக்குப் பக்கத்துல படுத்துக்கிடுதேன்."
ஏறுவதில்லை, ஆகவே சிரமமில்லை.
படிவம் அப்படித்தான் புரிந்துகொண்டது.
எழுதியவர்களின் ஊரில் வீட்டுக்கு ஏணி கிடையாதுபோல.

ஓர் எண்ணில் வேறொருவன் எடுத்தான்.
சோர் பஜாரில் ஆயிரத்து இருநூறுக்கு வாங்கினானாம் போனை.
"என் வயிறு நன்றாகத்தான் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்."

ஆண்டாப் ஹில் மெக்கானிக் வசந்த் ஷிர்க்கே
முப்பதாம் நாள் தானே எடுத்தார்.
வடா பாவ் எப்போது தின்னலாம் என்று கேட்டார்.
உயிருடன் என்று குறித்தேன்.
மறுநாள் காலை அதே எண்ணிலிருந்து அவர் மனைவி சுலபா:
"நேற்று அவரை விசாரித்தது நீங்கள் ஒருவர்தான்.
அதனால் சொல்லவேண்டும் என்று தோன்றியது."

டாக்டர் மிருணாள் கேல்கரிடம் ஓடினேன்.
இரவு டியூட்டி முடிந்து
டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தார்.
அது உடைந்து விழுந்ததைப் பார்க்கவில்லை.
"எத்தனை மணிக்கு?"
"காலை ஐந்தேகால்."
"முப்பது நள்ளிரவோடு முடிந்தது."
குரலில் குரூரம் இல்லை.
"முடிவு தெரிந்தபின் நான் கோட்டை நகர்த்தினால்
நாளைக்கு இன்னொருவன் தன் வசதிக்கு நகர்த்துவான்.
அப்புறம் யார் கையில் எத்தனை பேர் போனார்கள் என்று
எவருக்கும் தெரியாது."
அவர் சொன்னது சரி.
சரியாக இருந்ததுதான் தொண்டையில் நின்றது.
ஷிர்க்கேயின் வயிற்றைத் திறந்ததும் அவர் கைதான்.
ஸ்பூனால் பிஸ்கட்டை அள்ளப் பார்த்தார்.
கரைந்து போயிருந்தது.

கட்டுரை வெளியானது. இரண்டாம் அட்டவணை:
இறந்தோர் முப்பத்தாறு.
எட்ட முடியாதோர் முப்பத்தேழு.
உயிருடன் முந்நூற்று முப்பத்தொன்பது,
அதில் ஷிர்க்கேயும் உண்டு,
இனி அச்சிலிருந்து அவரை யாரும் எடுக்க முடியாது.
அடுத்த ஆய்வுக்குத் தொண்ணூறு நாள் கேட்டு
டாக்டர் எழுதிப் போட்டிருக்கிறார்.
போன் பில் யார் கட்டுவது என்று பதில் வந்திருக்கிறது.

நேற்று மத்தியானம், கீழே
சலவை எந்திரம் போர்வைகளைப் புரட்டும் சத்தத்தில்
முப்பிடாதி கூப்பிட்டாள்.
அவள் படிவம் மூடி நாற்பத்துநாலு நாள்.
"ஏறிட்டேன்ல. கயித்தைப் பிடிக்காம.
மேல ஒரே தூசி, எலி பெத்துப் போட்டிருக்கு.
எழுதிக்கோ."
எழுதிக்கொண்டேன் என்றேன்.
எதில் என்று அவள் கேட்கவில்லை.