பதினோராம் வியாழன்

வியாழக்கிழமை ஜீப்பை எடுப்பதில்லை.
ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள்
வேறு வண்டியில் நெருக்கியடித்து
கம்பம்மெட்டு ஏறுகிறார்கள்.
ஒரு நாள் வாடகை போச்சே என்று
முதல் மாதம் கணக்குப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி மாடியில், எக்ஸ்ரே அறையை ஒட்டி,
ஆறு நாற்காலி. ஆறு பேர்.
யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
"எங்கப்பன் என்னை அடிக்காத அடியா" என்று
நான்தான் ஆரம்பித்தேன்.
மெர்லின் மேடம் எழுதுவதை நிறுத்தி
"வலிச்சுச்சா?" என்றார்.
அவ்வளவுதான் கேட்டார்.
அப்புறம் வெகுநேரம் ஃபேன் சத்தம் மட்டும்.

கோபம் முதலில் உடம்பில் எங்கே வரும்?
ஒருவர் தாடை என்றார். ஒரு அம்மா, காது.
நொட்டாங்கைக்காரன் நான்.
கியர் போடுகிற முழங்கையில்
சின்ன எறும்பு ஊறுகிற மாதிரி.
ஊறினால் வெளியே போ,
குழாயைத் திற, கையை நனை,
எங்கே போகிறாய் என்று
வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போ.
நனைத்துப் பழகுகிறேன்,
சொல்ல ஆளில்லாத வீட்டில்.

பாண்டீஸ்வரியும் தர்ஷனும் கூடலூரில்,
அவன் மாமன் வீட்டில்.
வாரம் ஒருமுறை, கண்ணாடி வைத்த அறையில்
எனக்குப் பத்து நிமிடம்.
அங்கே அவன் வைத்ததே சட்டம்.
கேள்வி கேட்கக் கூடாது. திருத்தக் கூடாது.
அவன் செய்வதை மட்டும் சொல்ல வேண்டும்.
"பச்சைக் கட்டையை வைக்கிறே."
"அதுமேல சிவப்பு வைக்கிறே."
கொண்டை ஊசி வளைவில் பதினெட்டுப் பேரோடு
பிரேக் பிடிக்காத அன்றைக்குக்கூட
இப்படி வியர்த்ததில்லை.

ஏழாம் வாரம்
தலையைச் சொறியக் கையைத் தூக்கினேன்.
அவன் கழுத்து தோளுக்குள் போய்விட்டது.
காலருக்கு மேலே
ஃபேன்பெல்ட் தழும்பு ஒரு விரல் அகலம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
யாரும் எதுவும் சொல்லவில்லை.
விதிப்படி நான் சொன்னேன்:
"நீ பயப்படுறே."
பிறகு, விதியில் இல்லாத ஒன்று:
"கை தூக்கினது நான்."

இன்று
கட்டைகளை இரண்டு வரிசையாக நிறுத்தி
நடுவில் ஸ்கேலைக் குறுக்கே வைக்கிறான்.
"செக்போஸ்ட் கட்டுறே."
"வண்டிய நிறுத்துங்க."
நிறுத்தினேன்.
"கையில என்ன?"

இருபது வருசமாக மெட்டில்
சீட்டைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன்,
டிக்கியைத் திறந்திருக்கிறேன்,
சாக்கை அவிழ்த்திருக்கிறேன்.
இதைக் கேட்டதில்லை யாரும்.

இரண்டு கையையும் விரித்துத் தரையில் வைத்தேன்.
குனிந்து பார்க்கிறான்.
புரட்டச் சொல்கிறான். புரட்டினேன்.
இடது உள்ளங்கையை ஒரு விரலால் தொட்டு
சட்டென்று எடுத்துக்கொண்டான்.

ஸ்கேல் பாதி உயர்ந்தது.
"இன்னைக்குப் போங்க.
அடுத்த வாரமும் பாப்பேன்."