அலுவல் முடிவுறவில்லை

பரந்தன் கிளை. இரவு ஒன்பதே முக்கால்.
கொழும்பில் எல்லாரும் வீட்டுக்குப் போனபிறகுதான்
எங்கள் சேர்வருக்கு மூச்சு வரும்.
முதலில் எழுது, பிறகு சரிபார், அதற்குப் பிறகுதான் அழி.
ஒழுங்கு பிசகினால் போனது போனதுதான்.

முதல் ஓட்டம்: காப்பகக் கோப்புக்கு இடம் போதாது.
இடம் எடுத்துக் கொடுத்தேன்.
இரண்டாம் ஓட்டம்: பதிவு வேறொருவரால் பூட்டப்பட்டுள்ளது.
அந்த வேறொருவர் ஜெயகௌரி,
பின்னேரம் திரையை மூடாமல்
முறிகண்டி பஸ்சுக்கு ஓடியவள்.
அவளின் பூட்டை உடைத்தேன்.
மூன்றாம் ஓட்டத்தின் பாதியில் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் இருமி எழும்பும்வரை
இருட்டில் நானும் நுளம்பும்.

நாலாவது ஓடியது.
பதினோராயிரத்து நூற்றாறு கணக்குகள் காப்பகம் போயின,
கதவு பூட்டியபின் வாய்க்காலில்
மிச்சத் தண்ணி வடிவதுபோல்.
இருபத்தேழு மட்டும் சிவப்பில் நின்றன.
ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரி:
அலுவல் முடிவுறவில்லை. அழிக்க இயலாது.

எல்லாம் இரண்டாயிரத்து எட்டு.
தப்பி வந்த ஒரு பேரேட்டைப் பார்த்துப்
பின்னாளில் யாரோ தட்டி ஏற்றியவை.
ஊர், பெயர், முற்பணம்.
விநியோகத் திகதிக்கு நேரே வெற்றிடம்.

தலைமைக் கந்தோர் ருவந்தியை எழுப்பினேன்.
மூன்று மொழியிலும் கொட்டாவி விட்டாள்.
"அழிப்புக் குறி போடுங்க அக்கா."
போட்டேன். அசையவில்லை.
"வைப்புக் காலத்தைக் குறைச்சுப் பாருங்க."
குறைத்தேன். அதே வரி.
"அப்ப வராக்கடன் எண்டு வெட்டுங்க. சின்னக் காசுதானே."

அப்போதுதான் கண்டேன்
தொகைக்கு முன்னால் ஒரு குட்டிக் கோடு.
கழித்தல்.
அவர்கள் தரவேண்டியதில்லை, ருவந்தி.
நாங்கள்தான்.

மென்பொருள் இடம்பெயரவில்லை.
செல் விழுந்த சத்தம் கேட்கவில்லை.
எந்தப் பக்கம் என்று அதற்கு ஒரு பக்கமும் இல்லை.
காசு வாங்கினாய், பம்பு கொடுத்தாயா
என்று மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

காலமை, கிராம அலுவலருக்குப் பட்டியலை அனுப்பினேன்.
மத்தியானம் ஒரு இலக்கம் வந்தது:
சிவபாதம் இராசமலர், றெட்பானா.
தண்ணிப் பம்புக்கு நாலாயிரத்து ஐந்நூறு
கட்டியிருந்தீங்கள் அம்மா, என்றேன்.
அந்தப் பக்கம் கோழிகள் மட்டும் கொஞ்சநேரம்.

"பம்போ? அந்தக் கிணறே இப்ப ஆமிக் காம்புக்குள்ள.
காசைத் தா பிள்ளை."
பிறகு, போனை வைக்கப்போய், திரும்பி:
"அண்டைக்கு அது பம்பில காவாசி.
இண்டைக்கு எவ்வளவெண்டு
உன்ர கொம்பியூட்டரிட்டக் கேள்."

கேட்டேன்.
வட்டி என்ற கட்டத்தில் பூச்சியம் இருந்தது.

புதன்கிழமை வந்து கையெழுத்து வைத்தா.
தாளை எண்ணவில்லை, அப்படியே மடித்து
சோப்புக்கட்டி வாங்கிய பைக்குள் வைத்தா.
அன்றிரவு பச்சை எழுத்தில்:
ஒரு பதிவு வெற்றிகரமாக அழிக்கப்பட்டது.
வெற்றிகரமாக என்ற சொல்லை
யார் போட்டதோ.

மிச்சம் இருபத்தாறு.
அதில் பதினொன்றுக்கு நேரே கிராம அலுவலர்
ஒன்றும் எழுதாமல் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்.
பேனை முனை தாளில் ஊன்றி நின்ற அளவுக்கு
மை பரவிய புள்ளி.

ருவந்தி எடுத்தாள். எப்ப அக்கா முடியும்?
திரையில் இருந்ததை
அப்படியே வாசித்தேன்.