அலுமாரியைச் சுவரோடு கட்டுதல்

பெப்ரவரி முதற் புதன், ஒன்றரை மணி.
பாசல் நகரத்துச் சங்குகள் எல்லாம்
ஒரே மூச்சில் ஊதும்.
சோதனைதான். வருசா வருசம் நடப்பதுதான்.
தெருவில் ஒருவரும் தலை நிமிர்த்துவதில்லை.
என் கால்கள் மட்டும்
படியிறங்கத் தொடங்கிவிடும்,
கீழே, இன்னும் கீழே,
நிலவறைக்கு.

நல்ல அறை அது.
கதவை இழுக்க இரண்டு கையும் வேண்டும்.
அணுகுண்டுக்கென்று கட்டியதற்குள்
பனிச்சறுக்குப் பலகைகள், பழைய வைன்,
என்னுடைய இருபது கிலோ சம்பா.

இந்தமுறை செவ்கி மறித்தாள்.
மூன்றாம் மாடி. அடபசாரிக்காரி.
"எங்கே ஓடுகிறாய்?"
"சங்கு..."
"நிலம் ஆடும்போது சங்கு ஊதாது.
நிலத்துக்குள்ளேயா ஓடுவாய்?"

எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான்:
சாவு கூவிக்கொண்டு மேலிருந்து வரும்,
மண் மூடிக் காப்பாற்றும்.
பங்கர் வெட்டிய கை இது.
மண்ணே எழுந்து வந்தால்
எங்கே போவதென்று
அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

மார்ச்சில் குடியிருப்போர் கூட்டம்.
நிலநடுக்கக் காப்புறுதி, ஆறாவது விடயம்.
ஹெர் சும்ஷ்டேக் கண்ணாடியை மாட்டி வாசித்தார்:
ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்தாறு,
லூக்கா திருநாள் இரவு,
நகரமே விழுந்து எரிந்தது.
"அதற்குப் பிறகு ஒன்றுமில்லையே" என்றார்,
கடனை மறந்துவிட்ட கடன்காரன்போல.
யாரோ இரண்டாயிரத்து ஆறை எடுத்தார்கள்:
வெந்நீருக்காகப் பாறைக்குள் தண்ணீர் செலுத்த
ஊர் ஒருமுறை உதைத்ததே.
சும்ஷ்டேக்கின் குளியலறை ஓட்டில்
மயிரளவு வெடிப்பு. இன்றும் காட்டுவார்.
வாக்கெடுப்பு: வேண்டாம் என்று ஏழு, வேண்டும் என்று இரண்டு.
பிறகு உலர்த்தி இயந்திரத்தில்
பஞ்சு எடுக்காமல் போவது யார் என்று
முக்கால் மணிநேரம்.

சனிக்கிழமை செவ்கி துளைகருவியோடு வந்தாள்.
ஞாயிறு சத்தம் போட முடியாது இந்த நாட்டில்.
என் கட்டிலையும் அலுமாரியையும்
அதன் உச்சியில் நான் ஏற்றிவைத்த
புட்டுப் பானை, இடியப்பத் தட்டுகளையும்
மாறி மாறிப் பார்த்தாள்.
"குண்டு தப்பி வந்து
பானை விழுந்து சாகப்போகிறாயா?"

இரண்டு இரும்புக் கோணம், எட்டு ஆணி.
சுவர் உமி உமியாய் உதிர்ந்தது.
கட்டிலடியில் ஒரு சோடி சப்பாத்து,
"கண்ணாடி மேல் நடக்க."
ஆளுக்கு ஒன்பது லீற்றர் தண்ணீர்.
அவள் கழுத்தில் எப்போதும் ஒரு விசில்,
துணி துவைக்கும் அறையிலும்.
நகை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.
"நாற்பத்தைந்து விநாடி" என்றாள்,
ஆணியை வாயில் கவ்விக்கொண்டு.
"குரல் முதல் நாளே போய்விடும்.
விசிலுக்குத் தொண்டை வேண்டாம்."
எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.
என்னிடமும் அவள் சில கேட்டதில்லை.

மாலை ஒத்திகை. மேசைக்கடியில் நாங்கள் இருவரும்,
ஐம்பது தாண்டிய முழங்கால்கள் முனக.
மேசைக் காலை இறுகப் பிடித்தேன்.
தலைக்குமேல் பலகையின் அடிப்பக்கம்:
உரிக்காத விலைச்சீட்டு,
என் மகன் சின்னதில் ஒட்டிய சுவிங்கம்.
பன்னிரண்டு வருசம் சோறு தின்ற மேசையை
அன்றுதான் முழுதாய்ப் பார்த்தேன்.

டிராம் ஒன்று திரும்பியது.
அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுங்கின.
கால்கள் படியிறங்கத் துடித்தன.
செவ்கி என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள்.
மற்றக் கையால் விசிலை எடுத்து
ஊதினாள். நீளமாக. காது அடைத்தது.

கீழ்வீட்டிலிருந்து
சும்ஷ்டேக் தும்புத்தடிக் காம்பால்
கூரையில் இடித்தார்,
கோபமாக, மூன்று முறை.

"கேட்கிறது" என்றாள் செவ்கி.
இன்னொரு முறை ஊதினாள்.